அந்தக் கூச்சலில் என் குரலும் இருந்தது

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கொடையில் நான் செய்த ஒரு காரியம் இன்னும் என்னை விட்டபாடில்லை. திருநெல்வேலிப் பக்கம், சுடலைமாடன் கோயில். ராத்திரி ஒரு மணி இருக்கும். வில்லுப்பாட்டில் மாடன் கதை பாதியைத் தாண்டியிருந்தது. பாடிய புலவர் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே எங்கள் ஊருக்கு வருகிறவர். அவர் வீசுகோலை ஓங்கி அடித்தால் வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும் சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும் என்று சின்ன வயசில் நம்பினேன். அந்த வருஷம் அவர் குழுவில் புதிதாக ஒரு கீபோர்டும் ரிதம் பேடும் வந்திருந்தன. குடத்தின் வாயில் மட்டை விழும்போது அடிவயிற்றில் 'தும்' என்று ஒன்று இறங்குமே, அது இல்லை. குடக்காரர் அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு வரவில்லை. எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று "அந்தப் பொட்டிய அணைங்க" என்று கத்தினேன். பின்னால் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் விசில் அடித்தான். புலவர் பாட்டை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பின்பாட்டுக்காரர் மட்டும் ஒரு அடிக்கு 'ஆமா' போட மறந்துபோனார்.

விடிந்ததும் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போயிருக்கலாம், அவரே கூப்பிட்டுவிட்டார். "தம்பி, நீங்க வருஷத்துக்கு ஒரு ராத்திரி கேக்க வாறீங்க. எனக்கு பங்குனியில ஆரம்பிச்சா ஆவணி முடிய தெனமும் இதுதானே" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

இது என்னை இவ்வளவு தொந்தரவு செய்ததற்குக் காரணம் உண்டு. மரக் கிட்டாரோடு நாட்டுப்புறப் பாட்டில் பேர் வாங்கிய அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைக் கல்லூரி நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் எலக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறியபோது ஊளையிட்டவர்களைப் பற்றி எத்தனை பேரிடம் எவ்வளவு இளக்காரமாகப் பேசியிருப்பேன்! காது இருந்தும் கேட்காதவர்கள், பழமையில் ஊறியவர்கள், காலம் அவர்களைத் தூக்கி எறிந்துவிட்டது என்றெல்லாம். அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் டிலனுக்காகக் கைதட்டியிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கடைசியில் என் சொந்த ஊரில், என் சொந்தப் பாட்டுக்காரர் முன்னால், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த 1965ஆம் வருஷத்து ராத்திரியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், படிக்கிறேன், பார்க்கிறேன். இந்த முறை என் கண் மேடையைவிட அதிகமாகக் கூட்டத்தின் மேல் இருக்கிறது.

மூன்று பாட்டு

ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை இரவு. டிலனுக்கு 24 வயசு. தோல் ஜாக்கெட், கையில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பின்னால் மைக் புளூம்ஃபீல்டின் கிட்டார், அல் கூப்பரின் ஆர்கன், பாரி கோல்ட்பர்கின் பியானோ, ஜெரோம் அர்னால்டின் பேஸ், சாம் லேயின் டிரம்ஸ். கூப்பர் அந்த ஜூனில்தான், கிட்டார் வாசிக்கும் ஆசையில் ஸ்டுடியோவுக்கு வந்து, புளூம்ஃபீல்டின் கையைக் கண்டதும் அடங்கிப்போய், ஆர்கனில் துணிந்து உட்கார்ந்தவர். அந்தப் பதிவுதான் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்'. ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டு விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் வெளியாகியிருந்தது. ஆக, டிலன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். மார்ச்சில் வந்த இசைத்தட்டிலேயே ஒரு பக்கம் முழுக்க எலக்ட்ரிக்தான். யாரையும் அவர் இருட்டில் வைக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தக் கோஷ்டி சேர்ந்து வாசித்துப் பார்த்தது முந்தின ராத்திரி ஒருமுறைதான். முதல் பாட்டான 'மேகிஸ் ஃபார்ம்'இல் தாளம் புரண்டுபோனது என்று கூப்பரே சொல்லியிருக்கிறார். பதிவில் புளூம்ஃபீல்டின் கிட்டார் சவுக்கு மாதிரி விளாசுகிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் அதைப் பதிவில் கேட்பது வேறு, அந்த மைதானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பது வேறு. அங்கே இருந்த ஒலியமைப்பு ஒரு குரலுக்கும் ஒரு மரக் கிட்டாருக்கும் ஏற்றது. குரல் மைக் வழியாகப் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். கிட்டாரின் சத்தமோ மேடையில் இருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்தே நேராக முன்வரிசையின் முகத்தில் அறையும். முன்னால் இருந்தவர்களுக்குப் பாட்டின் சொற்கள் எட்டவில்லை. டிலன் என்ற மனிதரிடம் சொல்லை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும்? அந்த ஆளுடைய சொல்லைக் கேட்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

மூன்று பாட்டு, கால் மணி நேரம். அதோடு டிலன் இறங்கிவிட்டார். விழாவின் பெரிய பெயரே அவர்தான். கூட்டம் கொதித்தது பாட்டு சின்னதாக முடிந்துபோனதற்காகத்தான் என்று கூப்பர் சாகிறவரை சாதிக்கக்கூடியவர். சத்தம் மோசமாக இருந்ததற்காக என்று சிலர். துரோகத்துக்காக என்று சிலர். பதிவைக் கேட்டால் கைதட்டலும் கூச்சலும் பிரிக்க முடியாமல் கலந்துதான் இருக்கிறது. நான் கத்தியபோதும் அப்படித்தான் இருந்திருக்கும்: எனக்குப் பின்னால் கத்தியவன் என்ன காரணத்துக்காகக் கத்தினான் என்று இன்றுவரை நான் அவனைக் கேட்கவில்லை.

கோடாரி

மூத்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கோடாரியை எடுத்துக்கொண்டு கேபிளை வெட்ட ஓடினார் என்பது இந்தக் கதையில் எல்லோரும் சொல்லும் காட்சி. அவர் கையில் கோடாரி ஏதும் இல்லை. பின்னாட்களில் அவரே பலமுறை விளக்கியிருக்கிறார்: பாட்டின் வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை, சத்தத்தைச் சரிசெய்யச் சொன்னேன், மறுத்தார்கள், என்னிடம் ஒரு கோடாரி இருந்தால் இந்த மைக் கேபிளை வெட்டிவிடுவேன் என்று சொன்னேன். எலக்ட்ரிக் கிட்டார் மேல் தனக்கு விரோதம் இல்லை என்றும் சொன்னார். இதை ரொம்ப நாள் நான் நம்பவில்லை. தோற்றுப்போன பெரியவர் பிற்பாடு பூசி மெழுகுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இப்போது நம்புகிறேன். சீகர் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1955இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் நின்று, என் கொள்கையையும் கூட்டாளிகளையும் பற்றி உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றவர். அதற்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 1962இல்தான் மேல்முறையீட்டில் தப்பினார். பல வருஷம் பெரிய தொலைக்காட்சிகள் அவரை உள்ளேயே விடவில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, தொழிற்சங்கக் கூட்டம் என்று பான்ஜோவைத் தூக்கிக்கொண்டு அலைந்து, ஒரு தலைமுறையையே சேர்ந்து பாட வைத்தார். அந்த நியூபோர்ட் விழாவில் பெரியவர் சிறியவர் என்ற பேதமில்லாமல் பாடகர் எல்லோருக்கும் 50 டாலர்தான் சம்பளம். டிலனுக்கும் அதுதான், மலையிலிருந்து இறங்கி வந்த பேர் தெரியாத பிடில்காரருக்கும் அதுதான். உலகம் இப்படி இருக்கலாம் என்று வருஷத்துக்குச் சில நாள் வாழ்ந்து காட்டும் இடமாக அதை அவர்கள் நினைத்தார்கள்.

1963 ஜூலையில் சீகரும் டிலனும் மிஸிஸிப்பியில் கிரீன்வுட் பக்கத்தில் ஒரு பருத்தி வயலில் நின்று பாடினார்கள். கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கான கூட்டம் அது. அதே மாநிலத்தில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய சாவைப் பற்றிய பாட்டை டிலன் அங்கே பாடினார். அந்த மாதக் கடைசியிலேயே நியூபோர்ட் மேடையில் சீகர், ஜோன் பயஸ், ஃப்ரீடம் சிங்கர்ஸ் எல்லோரும் கைகோத்து நிற்க, நடுவில் டிலனும் நின்றார். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த பிள்ளைகள்தான் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள். வெளியே உலகம் எப்படி இருந்தது? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றாம் நாள், ஜூலை 28 அன்று, வியட்நாமில் இருக்கும் படையை 75,000 பேரிலிருந்து 1,25,000 பேராக உயர்த்துவதாக அதிபர் ஜான்சன் அறிவித்தார். ஊளையிட்ட பையன்களில் எத்தனை பேருக்கு அந்த வருஷம் ராணுவ ஓலை வந்திருக்கும்! தங்களுக்காகப் பேசும் குரல் என்று ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மிகத் தேவையான நேரத்தில் அது அவர்கள் காதுக்கு எட்டாமல் போனது.

அன்று மாலைக் கச்சேரியைச் சீகர் எப்படித் தொடங்கி வைத்தார் தெரியுமா? பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தையின் அழுகையை நாடாவில் பதிந்து வந்து போட்டுக் காட்டினார். இந்தக் குழந்தை வளரப்போகும் உலகத்தைப் பற்றி இன்றைக்குப் பாடுங்கள் என்று பாடகர்களிடம் கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்ட மனுஷர், சில மணி நேரம் கழித்து ஒரு சொல்கூடப் புரியாமல் நின்றால் கோடாரி ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

எது மண்ணின் பாட்டு

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காகக் கூட்டத்தின் பக்கம் முழுசாகச் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. விழாவில் முந்தின நாளே ஒரு அடிதடி நடந்தது. பால் பட்டர்ஃபீல்டின் கோஷ்டி ஆம்ப்போடு மேடையேறியபோது, நாட்டுப்புறப் பாட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த ஆலன் லோமாக்ஸ் அவர்களைக் குத்தலாக அறிமுகப்படுத்தினார். டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் அதைத் தட்டிக் கேட்க, இரண்டு பருத்த மனிதர்களும் புழுதியில் கட்டிப் புரண்டார்கள். அந்த கோஷ்டியின் டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும்தான் மறுநாள் டிலனுக்குப் பின்னால் நின்ற சாம் லேயும் ஜெரோம் அர்னால்டும். இரண்டு பேரும் கறுப்பினத்தவர்கள். அதற்கு முன் ஹௌலிங் உல்ஃபின் குழுவில் வாசித்தவர்கள். ஹௌலிங் உல்ஃப் மிஸிஸிப்பி வயலில் பிறந்து சிகாகோவில் பாடிய ஆள். நாட்டுப்புறம் என்றால் அதைவிட நாட்டுப்புறம் ஏது?

லோமாக்ஸ் 1941இல் மிஸிஸிப்பியில் ஒரு பருத்திப் பண்ணைக்குப் போய் ஒரு டிராக்டர் ஓட்டுநரின் பாட்டைப் பதிவு செய்தார். அவர்தான் பின்னால் பெரிய புளூஸ் பாடகரான மடி வாட்டர்ஸ். 1943இல் மடி சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே மதுக்கடை இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடாது. எலக்ட்ரிக்குக்கு மாறினார். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பதிவு செய்துவிட்டுப் போன நாளிலேயே அவர் நின்றுவிட முடியுமா? 1958இல் இங்கிலாந்துக்குப் போனார். வயலில் பாடும் கிழவரை எதிர்பார்த்து வந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார்கள். சரி, இவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று சில வருஷம் கழித்து அடுத்த முறை மரக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் இங்கிலாந்துப் பையன்கள் மாறியிருந்தார்கள், எலக்ட்ரிக் எங்கே என்று கேட்டார்கள். இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறையும் அந்தப் பெரிய கலைஞர் கேட்பவரை மதித்துத்தான் நடந்திருக்கிறார். இரண்டு முறையும் அவர் பாடுகிற நாளும் அவர்கள் கேட்கிற நாளும் வேறு வேறாக இருந்திருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு ராத்திரி, பங்குனியிலிருந்து ஆவணி வரை என்று புலவர் சொன்னது இதைத்தான்.

டிலன் விஷயத்திலும் 'மாறிவிட்டார்' என்ற சொல் அவ்வளவு சரியில்லை. அவர் மினசோட்டாவில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊர்ப் பையன். பள்ளி நாட்களில் ராக் அண்ட் ரோல் கோஷ்டி வைத்துப் பியானோவை அடித்து நொறுக்கியவர். பள்ளி ஆண்டு மலரில் லிட்டில் ரிச்சர்டோடு சேருவதே லட்சியம் என்று போட்டிருந்தவர். கல்லூரிக்குப் போன இடத்தில் எலக்ட்ரிக் கிட்டாரைக் கொடுத்துவிட்டு மரக் கிட்டார் வாங்கினார். நியூபோர்ட் கூட்டம் அவரைச் சந்தித்தது அதற்கப்புறம்தான். நாம் ஒருவரைச் சந்தித்த நாளையே அவர் பிறந்த நாளாக நினைத்துக்கொள்கிறோம்.

திரும்பி வந்த சில நிமிஷம்

எல்லோரும் அந்த மூன்று பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த ராத்திரியின் முடிச்சு அதற்கப்புறம் விழுந்ததாகத் தோன்றுகிறது. டிலன் இறங்கிப் போய்விட்டார். மேடையில் அறிவிப்பாளராக நின்ற பீட்டர் யார்ரோ என்ற பாடகர் தவிக்கிறார். கூட்டம் விடுவதாயில்லை. பீட்டர் குரல் நடுங்க, டிலனைத் திரும்பக் கூப்பிடுகிறார், கூட்டத்திடம் வருவார் வருவார் என்கிறார். டிலன் வருகிறார். இப்போது கையில் மரக் கிட்டார். தனி ஆள். ஊளையிட்ட அதே கூட்டம் ஓவென்று ஆர்ப்பரிக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்ற ஆர்ப்பரிப்பு அது. எனக்கு அது தெரியும்.

மவுத் ஆர்கன் சுருதி சேரவில்லை. யாரிடமாவது 'ஈ' சுருதி மவுத் ஆர்கன் இருக்கிறதா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார், எல்லாவற்றையும் மேலே எறியுங்கள் என்கிறார். உடனே இருட்டிலிருந்து மவுத் ஆர்கன்கள் மேடையில் வந்து விழும் சத்தம் கேட்கிறது. கட, கட, கட என்று மரப்பலகையில் விழுகின்றன. இந்தச் சத்தத்தை நான் எத்தனை முறை போட்டுக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வந்தவர்கள் சும்மா வந்த ரசிகர்கள் இல்லை. பையில் மவுத் ஆர்கன் வைத்துக்கொண்டு வந்தவர்கள். வீட்டில் அவர் மாதிரியே ஊதிப் பழகியவர்கள். ஐந்து நிமிஷம் முன்னால் அவரைத் திட்டிய கைகள், அவர் கேட்டதும் தங்களிடம் இருந்ததில் ஆசையான பொருளை எடுத்து எறிகின்றன. பழமைவாதிகள் என்று இவர்களைத்தான் நான் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது பாடிய இரண்டு பாட்டில் ஒன்று 'இட்ஸ் ஆல் ஓவர் நவ், பேபி புளூ'. தலைப்பிலேயே எல்லாம் முடிந்தது என்று இருக்கிறது. சத்தமும் தெளிவு, சொல்லும் தெளிவு. கூட்டம் வரிக்கு வரி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, முடிந்ததும் கைதட்டித் தீர்த்தது. அவர் விடைபெற்றுக்கொண்டதைத்தான் தட்டி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு 37 வருஷம் அவர் அந்த விழாவுக்கு வரவில்லை. 2002இல் வந்தபோது தலையில் பொய்முடி, முகத்தில் ஒட்டுத் தாடி.

அடுத்த ஒரு வருஷத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் ஊராகப் போனார், முதல் பாதி மரக் கிட்டார், மறுபாதி எலக்ட்ரிக், போன இடமெல்லாம் கூச்சல். அந்தக் கூச்சலைத் தாங்க முடியாமல் டிரம்ஸ்காரர் லெவன் ஹெல்ம் நடுவிலேயே விலகிப் போய் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தார். 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். யூதாஸ் என்று வெளியாளை யாரும் சொல்ல மாட்டார்கள். கூடவே உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டவனைத்தான் சொல்ல முடியும். டிலன் "உன்னை நம்பவில்லை, நீ பொய்யன்" என்றார். பிறகு கோஷ்டியின் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அந்த ராத்திரி ஒரு பழைய பாட்டைத் தொடங்கும்போது அவர் சொன்ன ஒரு வரிதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது: முன்னே அது அப்படிப் போச்சு, இப்போ இப்படிப் போகுது. வாதாடவில்லை, கெஞ்சவும் இல்லை. என் டீக்குக் காசு கொடுத்த புலவரின் குரலும் கிட்டத்தட்ட அந்தக் குரல்தான்.

இந்த வருஷக் கொடைக்குப் போனேன். கீபோர்டு இருந்தது. ரிதம் பேடும் இருந்தது. நான் குடக்காரர் இருக்கும் பக்கமாக, மேடைக்கு ஒட்டி உட்கார்ந்தேன். அங்கே குடம் கேட்டது. புலவருக்கு வயசாகிவிட்டது, குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காப்பு பாடி, குரு வணக்கம் முடித்து, கதைக்குள் போகும் முன் கூட்டத்தைப் பார்த்து "சத்தம் எல்லாம் சரியா இருக்காய்யா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அடையாளம் தெரிந்துதான் திரும்பினார் என்று நினைக்கிறேன். நான் எழுந்து நின்று, "அண்ணாச்சி, உங்க குரல் கேக்கல. அதக் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க" என்றேன். அவர் மைக் செட் பையனைப் பார்த்து விரலை மேலே காட்டினார். பையன் ஏதோ திருகினான். ஒருமுறை கீச்சென்று கத்தி அடங்கியது. புலவர் வீசுகோலை எடுத்தார்.